நாய்ப் பங்கு

முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதற்கு நானே சொல்லிவிடுவது கொஞ்சம் கௌரவம்.

போன சித்திரையில், ஐம்பதைத் தாண்டிய இந்த வயதில், செல்போனில் ஆர்டர் போட்டு ஒரு தூண்டில் வாங்கினேன். மடக்கினால் குடை அளவு, விரித்தால் தெருவிளக்குக் கம்பம் அளவு. அதைத் தூக்கிக்கொண்டு மலையேறி, எங்கள் ஊர் ஆற்றில் ஒரு பாறை மேல் நின்று, வீடியோவில் காட்டியபடி தலைக்கு மேலே சுழற்றி வீசினேன். முள் தண்ணீருக்குப் போகவில்லை. என் இடது காதுக்கு வந்தது. இழுக்க இழுக்க இன்னும் நன்றாக மாட்டியது. தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்தேன், பல்தான் ஆடியது. கடைசியில் காதில் முள்ளும் கையில் கம்புமாகச் சோளக்காடு என்கிற சந்தை ஊருக்கு நடந்து பஸ் ஏறினேன். கண்டக்டர் என் காதைப் பார்க்கவில்லை. கம்பைப் பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும் என்றார்.

ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்த நர்சம்மா எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அந்த ஊரில் வேட்டைக்கும் மீனுக்கும் பேர்போன ஒருத்தர் இருந்தாராமே, தெரியுமா என்றார். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன்.

அவர் என் அப்பா.

நம் வயதுக்காரர்கள் கூடி உட்கார்ந்தால் ஆளாளுக்கு ஒரு அப்பா கதை வைத்திருக்கிறோம். பாதிப்பேர் கதையில் அப்பா அடிப்பார், மீதிப்பேர் கதையில் குடிப்பார். என் அப்பா இரண்டும் செய்யவில்லை. காட்டுக்குப் போனார். மலையில் குண்டனி நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊரைச் சுற்றியிருந்த காடு அவருக்கு வீட்டின் இன்னொரு அறை மாதிரி. சாயங்காலம் சாமைக் காட்டு வேலை முடிந்ததும், கூரைக்குள் செருகியிருந்த நாட்டுத் துப்பாக்கியை உருவிக்கொண்டு, செவலையைக் கூப்பிடாமலே புறப்படுவார். செவலை எங்கள் நாய். அதைக் கூப்பிடவே வேண்டாம், அவர் துண்டை உதறுகிற சத்தத்துக்கே வந்து நிற்கும்.

அவர் இடுப்பில் ஒரு மாட்டுக் கொம்பு தொங்கும். உள்ளே கரிமருந்து, வாய்க்கு மரக்கட்டை மூடி. மூடியைத் திறந்தால் வருகிற வாசம் இப்போதும் எனக்குத் தெரியும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் வருகிற அதே வாசம், அதோடு நனைந்த நாய் முடி வாசமும் கொஞ்சம். அந்தக் கொம்பு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. என் தங்கை வீட்டுப் பரண் முழுக்கத் தேடிவிட்டேன். ஒரு உடைந்த மிக்சிதான் கிடைத்தது.

காட்டிலிருந்து வந்தால் ஆளுக்கு ஒன்று இருக்கும். எனக்குக் காட்டுக்கோழி இறகு, அம்மாவுக்குத் தேக்கிலையில் மடித்த தேனடை, செவலைக்குக் குடல். ஒன்றும் கிடைக்காத நாளில் வெறுங்கையோடு வாசல் ஏற மாட்டார். பின்பக்கம் போய் விறகு பிளப்பார். பிளந்த விறகைச் சுமந்துகொண்டுதான் உள்ளே வருவார். அம்மா அடுப்புக்கு முன்னாலிருந்து சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வாள், இன்றைக்குக் கீரைதான் என்று.

நான் சொல்ல வந்தது ஒரு ஐப்பசியில் தொடங்கி வைகாசியில் முடிந்த காலம். நான் அப்போது நாலாம் வகுப்பு. அந்த வருசம் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்து போயிருந்தன. இது மூன்றாவது.

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருசன் உயிர் எடுக்கக் கூடாது. துப்பாக்கி, கண்ணி, தூண்டில், கோழி அறுக்கிற கத்தி எதையும் அந்தக் காரியத்துக்குத் தொடக் கூடாது. எடுத்தால் அதற்குப் பதிலாக வயிற்றில் இருப்பது போய்விடும். ஊரில் யாரும் இதற்குக் காரணம் கேட்டதில்லை. ‘ஊட்டுல மாசமா இருக்கறா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆளை வேட்டைக்குக் கூப்பிட மாட்டார்கள். கறிப் பங்கு மட்டும் வீடு தேடி வரும், ஒரு கை கூடுதலாகவே.

அப்பா அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லவில்லை. முந்தின இரண்டு தடவையும் சொல்லியாகிவிட்டது, ஊரும் கூடுதல் பங்கு கொடுத்தாகிவிட்டது, பிள்ளைதான் தங்கவில்லை. சொன்னதால்தான் கண் பட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஏழாம் மாசம் பிறக்கும்வரை வெளியே மூச்சு விடுவதில்லை, அதே நேரம் முறையையும் மீறுவதில்லை. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொண்டு நடுவில் நின்றார். இதெல்லாம் பின்னால் தங்கை பிறந்த பிறகு காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, சூரப்புலியான என் அப்பா திடீரென்று ஒன்றுக்கும் உதவாதவராகிவிட்டார் என்பதுதான்.

முதலில் துப்பாக்கி கூரையிலேயே தங்கியது. பிறகு கோழி. அப்பாவின் அண்ணன், எனக்குப் பெரியப்பா, ஒருநாள் சாப்பிட வந்திருந்தார். கோழி முற்றத்தில் அவர் காலையே சுற்றிச் சுற்றி மேய்ந்தது. அப்பா அதைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், பிறகு அம்மாவிடம் கீரை கடையச் சொன்னார். பெரியப்பா சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது, கோழியை நல்லா வளத்தறீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

பள்ளிக்கூடத்தில் நான் ஈடுகட்டினேன். அப்பா நேற்று என் உயரத்துக்கு விரால் பிடித்தார் என்றேன். முந்தாநாள் கரடியைக் கண்ணாலேயே முறைத்து விரட்டினார் என்றேன். என்னை இன்றைக்கும் வேடிக்கைக்காரன் என்கிறார்கள், தொழில் ஆரம்பமானது அங்கேதான்.

மீன் விசயத்தில் நான் சொன்னதில் கால்வாசி உண்மை இருந்தது. அப்பா ஆற்றுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். வேலை இல்லாத நேரமெல்லாம் மூங்கில் தூண்டிலோடு பாறையில் உட்கார்ந்திருந்தார். நானும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஐப்பசி மழையில் தண்ணீர் டீ நிறத்தில் ஓடும். பாறைப் பாசியின் வாசம், எங்கேயோ ஒரு மரங்கொத்தி, அப்பாவின் பீடிப் புகை. பேச்சே கிடையாது. மீன் ஒன்றும் மாட்டாது. ஒருநாள் அவர் நரம்பைத் தூக்கி இரை கட்டும்போது பார்த்தேன். தூண்டிலில் முள்ளே இல்லை. நுனியில் ஒரு சின்னக் கல், அதில் ஒட்டவைத்த கேழ்வரகுக் களி உருண்டை. மண்புழுகூட இல்லை. அதுவும் ஒரு உயிர்தானே, இப்போது புரிகிறது.

அப்பா, முள்ளு இல்லீங்களே என்றேன்.

“இருக்கட்டும் கண்ணு. மீனு சும்மா வந்து தின்னுட்டுப் போவட்டும்.”

அம்மா அவருக்கு மத்தியானத்துக்கு உருட்டிக்கொடுத்த களி அது. முழுவதையும் மீன் தின்றது. அவர் பசியோடு உட்கார்ந்து மிதப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். களி தீர்ந்ததும் எழுந்து, வரும் வழியில் காய்ந்த விறகு பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் அன்றைக்கே உறுதி செய்துகொண்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் விராலும் கரடியும் என்ன ஆவது?

இந்த நேரத்தில்தான் கார்டு வந்து சேர்ந்தார். கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஃபாரஸ்ட் கார்டு. சித்திரை வெயிலிலும் மப்ளரை அவிழ்க்க மாட்டார். வந்த நாள் முதலாய், வேட்டைக்குப் போகாதே, கேஸ் ஆகும், குடும்பத்தைப் பார் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். நல்ல மனிதர்தான். மார்கழியில் ஒருநாள் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மூட்டையோடு நின்ற அப்பாவை அவர் பார்த்துவிட்டார். நேராக வந்து தோளில் கை போட்டார். இந்த மலையிலேயே என் பேச்சைக் கேட்டுத் துப்பாக்கியை விட்ட ஒரே ஆள் இவர்தான் என்று, பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். டீயும் வாங்கிக் கொடுத்தார். அப்பா கிளாஸைப் பிடித்துக்கொண்டு, சரிங்க சார் என்றார்.

அதைத் தவிர அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? இல்லை சார், காரணம் வேற என்றால், என்ன காரணம் என்று கேட்பார்கள். எங்கள் ஊர் ஆட்கள் அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பெரியப்பாவும் நின்றார். அந்த டீயை அப்பா குடித்து முடிப்பதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது, இவன் கார்டோட ஆள் ஆகிவிட்டான் என்று.

தை பிறந்ததும் ஊர் வேட்டை. வீட்டுக்கு ஒரு ஆண் ஆயுதத்தோடு வந்தாக வேண்டும். வராவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடியாத அப்பா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். பள்ளத்தின் வாய்ப்பகுதியில் ஆண்கள் வரிசையாய் நின்றார்கள். நாங்கள் பொடிப்பயல்கள் எல்லாம் மேலே பாறையில் ஏறித் தகரம் தட்டினோம். என் அப்பா நிற்பதை எல்லோருக்கும் கை நீட்டிக் காட்டினேன். இப்போ பாருங்கடா என்றேன்.

புதரைப் பிளந்துகொண்டு ஒரு பன்றி வந்தது. நல்ல பெரிசு, முதுகு மயிர் சிலிர்த்து, நேராக அப்பாவை நோக்கி. கைக்கெட்டும் தூரம். அப்பா துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. பஸ்ஸில் இறங்குகிறவருக்கு வழிவிடுவதுபோல ஒரு அடி ஒதுங்கினார். பன்றி அவரைத் தாண்டிப் போனது. செவலை விடவில்லை. துரத்திப்போய்க் கீழே ஓடைத் திருப்பத்தில் மறித்துக் குரைத்துக்கொண்டே நின்றது. தொடையில் ஒரு கிழி வாங்கியும் நகரவில்லை. பெரியப்பா இறங்கிப் போய்ச் சுட்டார்.

எல்லோரும் கூடியபிறகு பெரியப்பா கேட்டார்.

“ஏன்டா சுடல?”

“மருந்து நனஞ்சுபோச்சுண்ணா.”

தை மாசம். மழை பெய்து மறந்துபோயிருந்தது. பெரியப்பா அப்பா கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக் குழலுக்குள் குச்சி விட்டுப் பார்த்தார். ஒன்றுமே போடவில்லை. இடுப்புக் கொம்பைக் குலுக்கிப் பார்த்தார். அதுவும் காலி.

“ஏன், மருந்தையும் கார்டு வாங்கி வெச்சுக்கிட்டானா?”

யாரோ சிரித்தார்கள். அப்பா துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, செவலையின் தொடைக் காயத்தில் பச்சிலையைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். என்னோடு பாறையில் நின்ற பையன்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

சாயங்காலம் கோயில் முன்னால் தேக்கிலைகளை வரிசையாய் விரித்துப் பங்கு போட்டார்கள். ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் ஒன்று. சுட்டவருக்குத் தலை. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வீடு வீடாய்ப் பேர் சொல்லிக் கூப்பிட, அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் பாத்திரத்தோடு போய் வாங்கினோம். நான் அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்து வீடு வந்தது. அடுத்தது நாங்கள். எங்களைத் தாண்டி அதற்கடுத்த வீட்டைக் கூப்பிட்டார். வயசானவர், மறந்திருப்பார் என்று நினைத்து நான் குண்டானில் லேசாய்த் தட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு இலை மிச்சம் இருந்தது. வேட்டையை மறித்த நாய்க்கு ஒரு பங்கு உண்டு, அதை மறுக்க ஊருக்கு உரிமை இல்லை. ஊர்க்கவுண்டர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“சாமி, இத நல்லாக் கேட்டுக்க. இது உங்கொப்பனுக்கு இல்ல, உனக்கும் இல்ல. நாயிக்கு. போயி உங்கொப்பன்கிட்ட இப்படியே சொல்லோணும்.”

சொன்னேன். முற்றத்தில் நின்று, கற்றுக்கொடுத்த பாட்டுப் போல அப்படியே ஒப்பித்தேன். அப்பா கேட்டுக்கொண்டார். குண்டானை வாங்கி செவலைக்கு முன்னால் வைத்துக் குந்தி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அதன் காதருகே என்னவோ பேசினார். பிறகு எலும்புப் பக்கமாய்ப் பாதியை அதற்குப் போட்டுவிட்டு, மீதியை அம்மாவிடம் கொடுத்தார்.

“நாயிகிட்டக் கேட்டுட்டேன். சரின்னுடுச்சு. நீ ஆக்கித் தின்னு.”

அவர் தொடவில்லை. களிக்கு உப்பு மிளகாய் கடித்துக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் தின்றேன், அந்த மிளகு வறுவலின் ருசி அப்படி. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றாள். காரம் தூக்கலாகிவிட்டது போல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஊர் எங்களை விட்டுவிட்டது. சண்டை எதுவும் இல்லை. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கும் நாளில் ஒருத்தர் காட்டுக்கு எல்லோரும் போவதுதான் வழக்கம். அந்த வருசம் எங்கள் காட்டுக்கு யாரும் வரவில்லை. அப்பா தனியாகவே முழுக்காட்டையும் பிடுங்கினார். அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பாள். அவளை ஒரு கிழங்கு தூக்க விடவில்லை. எதிரே யாராவது வந்தால் அப்பாதான் முதலில் ஒதுங்கி நிற்பார். அவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள், எங்களை விட்டுவிட்டு மாட்டிடம் பேசினார்கள், மரத்தைப் பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் இருந்தது. சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே எல்லாரும் வந்து நின்றிருப்பார்கள். எத்தனை தடவை வாய்வரை வந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஆற்றுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. மீன்கள் நன்றாகப் பெருத்துவிட்டன.

பங்குனியில் கம்பளி போர்த்த முடியாத வெயில் வந்தது. தண்ணீர் எடுக்கிற இடத்தில் பெண்கள் அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டார்கள். குடம் நிறைவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலி மருந்துக் கொம்பு, கீரை, கோழி எல்லாவற்றுக்கும் ஒரே நிமிசத்தில் கணக்கு நேரானது.

மறுநாள் விடிகாலை பெரியப்பா வந்தார். முற்றத்தில் நின்று மழையைப் பற்றிப் பேசினார், மிளகு காய்ப்பைப் பற்றிப் பேசினார், எங்கள் பலாமரத்தில் பிஞ்சு அதிகம் என்றார். பேசிக்கொண்டே மடியிலிருந்து ஒரு முயலை எடுத்துப் பலாக்கிளையில் மாட்டிவிட்டு, வாரேன் என்று போய்விட்டார். எங்கள் ஊரில் மன்னிப்பு அந்த உருவத்தில்தான் வரும். முயலை அம்மா சமைத்தாள். அப்பா அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கினார்.

வைகாசியில் தங்கை பிறந்தாள். கருகருவென்று, ஊரையே எழுப்புகிற குரலோடு. தீட்டுக் கழிந்த மறுநாள் அப்பா கொம்பில் மருந்து நிரப்பிக்கொண்டு காட்டுக்குப் போனார். தனியாக. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் வேட்டை வந்தது. ஊர்க்கவுண்டரே வீட்டுக்கு வந்து கூப்பிடுவார். போங்க, வாரேன் என்பார். போக மாட்டார். தன் வேட்டையில் அண்ணன் அடுப்புக்கு, ஊர் அடுப்புக்கு என்று பங்கை மட்டும் யார் மூலமாவது அனுப்பிக்கொண்டே இருந்தார். துப்பாக்கிகளை அரசாங்கம் வாங்கிக்கொண்ட பிறகு மீன் மட்டும். செவலைக்கு அப்புறம் நாய்கூட வளர்க்கவில்லை. கூட்டத்தில் அவருக்கு இருந்த இடத்தை அந்த ஒரு தையில் வைத்துவிட்டு வந்தார், திரும்பப் போய் எடுக்கவே இல்லை.

அப்பா போன வருசம் தை மாசம் காலமானார். அவர் துரத்திய கோழிகளின் பாவத்துக்கோ என்னவோ, நான் நாமக்கல்லில் பிராய்லர் கோழித் தீவனம் விற்றுக் காலம் தள்ளுகிறேன். மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போன என் வீட்டுக்காரி பேரனோடு அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்கிற நகைச்சுவைக்குச் சிரிக்க சீலிங் ஃபேன்தான் இருக்கிறது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு மனிதர் பிறக்காத பிள்ளைக்காக ஊரே காறித் துப்பியபோதும் வாயைத் திறக்காமல் இருந்தார் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

எழுதியதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், தங்கை வீட்டில் இருக்கிற அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள். காதில் முள் மாட்டிய இடத்தில் சிரித்தாள். முயல் வந்த இடத்தில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். முடித்துவிட்டு, எப்படிம்மா இருக்குது என்று கேட்டேன். ஒரு பாராட்டுக்குத் தயாராய் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா தோலையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கற. ஊருகிட்டச் சொல்லல, சரி. அத்தன மாசமும் எங்கிட்டயும் அந்த மனுசன் வாயத் தொறக்கல சாமி. இதுவும் போயிருமோன்னு நான் ஒத்தையில பயந்துகிட்டுக் கெடந்தேன். அவரு ஆத்துல போயி ஒக்காந்துகிட்டாரு. நீயும் அவரு பொறத்தாலயே போயிட்ட.”